நிமிர்ந்துபோன தண்ணீர்

என்னங்க, சாவி பூந்தொட்டிக்கு அடியில். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

மகள் வகுப்புக்குக் குச்சியில் செய்த தண்ணீர் மூலக்கூறு மாதிரியை, இந்த வீட்டுத் தச்சர், “என்னடா இது, குச்சியெல்லாம் கோணலா இருக்கு” என்று ரசமட்டம் வைத்து நிமிர்த்திவிட்டாராம். ஜன்னலில் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா இன்னும் சிரிக்கிறாள். மகள்தான் அப்பாவோடு பேசுவதில்லை.

அது நூற்றுநாலரை டிகிரி வளைந்துதான் இருக்குமாம். “நேரா நின்னா ரெண்டு பக்கத்து இழுப்பும் ஒண்ணையொண்ணு தின்னுடும்மா. ஒட்டுறதுக்கு ஆளில்லாம கடலே புகையா மிதந்து போயிடும்” என்று தூக்கக் கலக்கத்தில் சொன்னாள். எனக்கும் விடியும்வரை கடல் மிதந்துகொண்டே இருந்தது.

நாலு மணிக்கு வருவாள். அதற்குள் குச்சியை வளைத்துவிடுங்கள். தச்சரும் கொஞ்சம் வளையலாம்.

பி.கு.: தட்டுக்கு அடியில் பாகைமானி இருக்கும். வைத்தது நானில்லை, அவள்.