வலது பக்கத்து இடைவெளி

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் தோள் தகடு. அம்மா அதை எடுத்து நாற்காலியில் வைத்தாள். அப்பா அதைத் திரும்ப எடுத்துத் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தார், விருந்தாளியை உட்கார வைப்பதுபோல. ஒரு போர்ப் படத்தில் பெண் தளபதியாக வந்தவள் போட்டுக்கொண்டு நடித்த நிஜக் கவசத்தில் ஓர் ஆணி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறதாம். கண்காட்சியில் வைத்திருந்தபோது அப்பாவே போய்ப் படம்பிடித்து வந்தார். யாரோ அவசரத்தில் அடித்த ஆணி. அதை அதே கோணலோடு அடித்தால்தான் அது அசல் என்கிறார்.

சித்தப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "தியேட்டர்ல எவன்ணா ஆணியப் பாத்தான்? அவ நடந்து வந்தா, உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. அதான் அசல்."

நான் பிறந்ததிலிருந்து இதே பேச்சு. வண்டி நிறுத்தும் கொட்டகையில் வண்டி நின்று நான் பார்த்ததில்லை. சினிமாக் கவசங்களை 'அப்படியே' செய்து தருகிறோம் என்று வாசலில் பலகை வேறு. 'அப்படியே' என்றால் எப்படி என்று இரண்டு பேருக்கும் இன்னும் முடிவாகவில்லை. கேமரா முன்னால் நின்றது எப்படி இருந்ததோ அப்படி என்பார் அப்பா. பார்த்தவன் மனதில் எப்படி நின்றதோ அப்படி என்பார் சித்தப்பா. சோறு ஆறிப்போகும்.

இந்த முறை சித்தப்பா கட்சிதான் ஜெயித்தது. இந்தக் கவசத்தைக் கேட்டிருப்பது ஒரு பல் டாக்டரம்மா. இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தாற்போல் ஒன்றாக, பளபளவென்று வேண்டுமாம். அவர் உயரமும் என் உயரமும் ஒன்று, பருமனும் ஏறக்குறைய ஒன்று. அதனால் போட்டுப் பார்க்கிற பொம்மை நான். பரீட்சைக்குப் படிக்கிற பெண் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

மார்ச் 7, சனி

காலை முழுக்க கையை அகட்டிக்கொண்டு நின்றேன். வலது பக்கத்தில் முன் தகடும் முதுகுத் தகடும் சேரவில்லை. இடது பக்கம் கச்சிதம். வலது தோள் தகடு மட்டும் காதைப் பிடிக்கப் போவதுபோல் எழும்பி நிற்கிறது.

அப்பா அச்சை எடுத்து அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. மறுபடி எனக்கு மாட்டினார். மறுபடி இடைவெளி. "நேரா நில்லுமா." நேராகத்தான் நிற்கிறேன். "நேரா." இதற்கு மேல் நேராக நிற்க விளக்குக் கம்பத்தைத்தான் கூப்பிட வேண்டும்.

மார்ச் 8

இன்றும் அதே. தகடு வெட்டுகிற ஃபோம் அட்டையில் குறை என்கிறார் சித்தப்பா. வெட்டியதில் குறை என்கிறார் அப்பா. வெட்டியது சித்தப்பா.

மார்ச் 11, புதன்

விளையாட்டு வகுப்புக்கு உடை மாற்றும்போது பக்கத்து பெஞ்சுக்காரி என் முதுகில் விரலை வைத்தாள். "ஏய், ஒனக்கு ஒரு பக்கம் மட்டும் றெக்கை மொளைக்குதுடி." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, அம்மாவின் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். வலது தோள்பட்டை எலும்பு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. முதுகெலும்பு நேராக இறங்கவில்லை, நடுவில் போய் வளைகிறது. எத்தனை நாளாக இப்படி?

தகட்டில் ஒரு குறையும் இல்லை.

மார்ச் 12

மேல் வகுப்பில் ஓர் அக்கா ஒரு வருடம் பள்ளிக்கு வரவில்லை. வளைந்த முதுகைத் திறந்து கம்பி வைத்தார்கள் என்று சொன்னார்கள். திரும்பி வந்தபோது யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டாள். முழு உடம்போடு திரும்புவாள்.

நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி. அம்மா அழுவாள். அப்பாவும் சித்தப்பாவும் என் முதுகை மேசை மேல் வைத்து அசலா அழகா என்று ஆரம்பிப்பார்கள். வேண்டாம் சாமி.

அம்மா புரண்டு படுக்கிறாள். விளக்கை அணைக்கிறேன்.

மார்ச் 14, சனி

ஒரு தோளை இறக்கி, இடுப்பைத் தள்ளி நின்று பார்த்தேன். ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அப்பாவின் கண்ணா ஏமாறும்? "ஏன் இப்படி நிக்கிற, கால் வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு நாற்காலி போட்டார்.

பிறகு பொறுமை போய், சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைப் பிடித்து, முதுகுத் தகட்டின் வலது பக்கத்தைச் சுட வைத்து வெளியே தள்ளினார். வலது தோள் தகட்டை ஒரு விரல் அகலம் வெட்டி இறக்கினார். மாட்டினார். க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. இடைவெளி இல்லை. கண்ணாடியில் பார்த்தேன் - நேராக இருந்தேன். படத்தில் வருகிறவள் மாதிரி நேராக.

சித்தப்பா விசில் அடித்தார். அண்ணனும் தம்பியும் கை குலுக்கிக்கொண்டார்கள். நாளைக்கு வண்ணம் பூசுகிறார்கள்.

டாக்டரம்மா போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தேன். இருமினேன். அம்மா வெந்நீர் கொண்டுவந்தாள்.

மார்ச் 21, சனி

டாக்டரம்மா வந்தார். போட்டார். வலது முதுகில் தலையணை செருகியதுபோல் துருத்திக்கொண்டு நின்றது, உள்ளே காற்று. வலது தோள் தகடு சரிந்து கையில் தொங்கியது. அவர் நல்லவர், சிரித்தார். "என்னங்க, அடி வாங்கின தளபதியா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் ரசிகர் கூட்டம் இருக்கிறது, அதற்குள் சரிசெய்ய முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், வேறு இடம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வண்டி தெரு முனை தாண்டவில்லை.

"வேணும்னே பண்ணிருக்க" என்றார் சித்தப்பா. மெதுவாகத்தான் சொன்னார். "ரெண்டு பக்கமும் ஒண்ணா கேட்டாங்க. ஒனக்கு அது புடிக்கல. கோணலா இருந்தாத்தான் ஒனக்கு அசலு. எனக்குத் தெரியாம வளைச்சு வெச்சுட்ட."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காகக்கூட என் வயதைக் குறைத்துச் சொன்னதில்லை. அவர் சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையில் உப்புத்தாள், அதைத் தேய்க்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"எம்பொண்ணுக்குச் சரியா நின்னுச்சே. நீயும் பாத்தியே" என்றார்.

"பாத்தேன். அவளுக்கு நின்னது இவங்களுக்கு எப்படிண்ணா நிக்காது? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். கூடம் நிஜமாகவே கோணல் சித்தப்பா. அது இதோ நிற்கிறது. சொல்லேன்டி, சொல்லேன் - கதவைத்தான் இன்னும் கொஞ்சம் சாத்தினேன்.

மார்ச் 22

சித்தப்பா அவருடைய கருவிகளைப் பெட்டியில் அடுக்குகிறார். எது யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கத்தரிக்கோலை இவர் அவர் பக்கம் தள்ளுகிறார், அவர் இவர் பக்கம் தள்ளுகிறார். பேச்சு மட்டும் இல்லை. நாளைக்கு ஆள் கூட்டிவந்து மேசையைத் தூக்கிப் போகிறாராம்.

அம்மா என்னிடம் கேட்டாள், நீதானே போட்டுப் பார்த்தாய், அப்பா ஏதாவது வேண்டுமென்றே செய்தாரா என்று. அம்மாவே கேட்கிறாள்! இல்லை என்றேன். என் குரல் எனக்கே பொய்க் குரலாகக் கேட்டது.

கம்பியை நினைத்தால் சொல்ல முடியவில்லை. அப்பாவை நினைத்தால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

மார்ச் 23, திங்கள்

பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் கொட்டகைக்குப் போனேன். சித்தப்பா மேசைக் காலைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு வாளி கழுவினார். சுவரில் மாட்டியிருந்த கவசத்தை இறக்கி, சீருடைக்கு மேலேயே போட்டுக்கொண்டேன். க்ளிக்.

"இது சரியாத்தான் இருக்கு" என்றேன். "நான்தான் கோணல்."

அப்புறம் கவசத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றேன். சட்டை மேலேயே தெரியும், பார்க்கத் தெரிந்தவர்களுக்கு.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பழக்கம், அளவு நாடாவைத்தான் எடுத்தார். கழுத்திலிருந்து வைத்தார்.

"அண்ணா" என்றார் சித்தப்பா. "டேப்பக் கீழ வை."

அப்பா கீழே வைத்தார். அந்த எலும்பு துருத்துகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவே இல்லை. நான்தான் முதலில் அழுதேன். கம்பி வேண்டாம்ப்பா, கம்பி வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தக் கம்பி என்று இருவருக்கும் புரியவில்லை.

ராத்திரி அம்மா இரண்டு பேரையும் கிழித்துவிட்டாள். "ஆளுக்கொரு டேப்ப வெச்சுக்கிட்டு மூணு வாரமா அளந்தீங்களே, தகடு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" பிறகு அவளுக்கே தன் ஞாபகம் வந்துவிட்டது. அவளும்தான் பார்க்கவில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 2

இப்போதைக்கு அறுவை இல்லை. வளர்ந்து முடிகிறவரை பிரேஸ், அதாவது உடம்பை இறுக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் கூடு, போட வேண்டும். அது வளைவைப் பிடித்து நிறுத்தலாம், நிறுத்தாமலும் போகலாம். எலும்பு டாக்டர் அப்படித்தான் சொன்னார், பூசி மெழுகாமல்.

சித்தப்பா மேசைக் காலைத் திரும்ப முடுக்கிவிட்டார். கடையில் துணி மாட்டுகிற பொம்மை ஒன்றை வாங்கி வந்திருக்கிறார்கள். டாக்டரம்மாவுக்குப் புதிதாக ஒன்று தயாராகிறது. பொம்மை வாதாடாமல் நிற்கிறது.

ஜூன் 27, சனி

அளவு கொடுத்துக் காத்திருந்த பிரேஸ் இன்றுதான் கைக்கு வந்தது. யாரும் கூப்பிடாமலேயே இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? ஓரத்தை அக்குளில் இன்னும் கொஞ்சம் வெளியே மடக்கலாமே என்றார் அப்பா. ரெண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் சட்டைக்குள் தெரியாதே என்றார் சித்தப்பா. இவள் உடம்பு எப்படியோ அப்படியேதானே வார்த்திருக்க வேண்டும் என்றார் அப்பா. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேஸ் செய்கிற அம்மா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு இருவரையும் பார்த்தார். "இவ எப்படி இருக்காளோ அப்படியே பண்ணா, அப்படியேதான் இருப்பா. ரெண்டு பக்கமும் ஒண்ணா பண்ணா, எதையும் தள்ளாது. இது இவ வளைவுக்கு எதிர்ப்பக்கமா கோணணும். ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய உக்காருறீங்களா?"

உட்கார்ந்தார்கள்.

இறுக்கமாகத்தான் இருக்கிறது. குனிந்தால் வயிற்றில் இடிக்கிறது. எரிச்சலாக வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்கள். பிரேஸுக்கு வெள்ளி பூசிப் பளபளவென்று பண்ணலாம் என்று சித்தப்பா. போரில் அடிபட்ட மாதிரி கீறல் போட்டு மங்கலாகப் பண்ணினால்தான் நம்பும்படி இருக்கும் என்று அப்பா. அண்ணா என்கிறார் அவர், போடா என்கிறார் இவர், தட்டில் சோறு ஆறுகிறது.

"எதுவும் பூச வேண்டாம்" என்றேன். "இது எந்தப் படத்துலயும் வரல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை இதோடு பள்ளிக்குப் போகிறேன். பக்கத்து பெஞ்சுக்காரி கட்டாயம் முதுகில் தட்டிப் பார்ப்பாள். டொக் என்று கேட்கும். கேட்கட்டும்.