பதினேழு பேர் குறைவு

அன்பு மகளுக்கு,

நேற்று காலை பதினொன்றே காலுக்கு நர்ஸம்மாவின் அறைக்கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த மாதம் இருபதாம் தேதியோடு நம் ஊர் சுகாதார நிலையமும் அதிலுள்ள பிரசவ அறையும் டவுனுக்கு மாற்றப்படுமாம். வட்டார மருத்துவ அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் இருக்கின்றன. பக்கத்தில் நின்று நானே இரண்டு முறை படித்தேன், ஆகையால் இது வாய்ச்செய்தி இல்லை. அம்மாவும் நானும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். தங்கைக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது, கால் வீங்குகிறது, ரத்தக் கொதிப்பு கொஞ்சம் ஏறி இறங்குகிறது. நர்ஸம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்து எழுதி வைக்கிறார். டவுன் பத்தொன்பது கிலோமீட்டர், மழை பிடித்தால் தரைப்பாலம் முழுகிவிடும், அது உனக்கே தெரியும். போன மழைக்கு இரண்டு நாள் பால் வண்டிகூட வரவில்லை.

காரணம் கேட்டால் ஆள் போதவில்லை என்கிறார்கள். பிரசவ அறையோடு ஒரு நிலையம் இருக்க இரண்டாயிரம் பேர் வேண்டுமாம், நம் ஊர் கணக்கெடுப்பில் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொரு பேர்தான். எப்படிக் குறைந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியவன் நான்தான். டவுன் எப்படி வளர்ந்தது என்று நீ சின்ன வயதில் கேட்பாய். இரண்டு ரோடு கூடும் இடத்தில் ஒரு பஞ்சர் கடை, அதற்கு எதிரே டீக்கடை, நிற்கிற லாரிக்காக ஒரு பெட்ரோல் பங்க், அப்புறம் பேங்க், அப்புறம் மேல்நிலைப்பள்ளி. பள்ளி வந்ததும் நம் ஊர் பிள்ளைகளை அங்கே சேர்க்க டவுன் முகவரி கேட்டார்கள். யார் யாருக்கோ டவுனில் ஒரு அத்தை, ஒரு சித்தப்பா, ஒரு கடைக்கார சிநேகிதன். அந்த வீட்டு விலாசத்தில் குடும்பத்தையே எழுதிக்கொண்டு, இங்கேதான் சமைத்தோம், இங்கேதான் தூங்கினோம். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று கேட்டபோதும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்ற பயத்தில், நாங்கள் டவுன்காரர்கள், இங்கே சும்மா வந்திருக்கிறோம் என்றார்கள், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே. அந்த முகவரி மாற்ற மனுக்களை எழுதிக் கொடுத்தது யார்? பத்திரிகைக்காரர், கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்று எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். உன்னையும் தங்கையையும் மாமா வீட்டு விலாசத்தில் எழுதியதும் இதே கை. பத்திரிகையில் முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவர் சொன்ன எண்ணிக்கையைச் சரிபார்த்தவன், என் ஊர் எண்ணிக்கையை நானே கரைத்திருக்கிறேன்.

போன வாரமே விஷயம் கசிந்ததும் தையல்காரர் கழுத்தில் அளவுநாடாவோடு வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். அளவெடுக்கிறாரா ஆளெடுக்கிறாரா என்று பஸ் கண்டக்டர் கிண்டல் செய்தார், ஆனாலும் லீவு போட்டுக் கூடவே நடந்தார். டவுனில் எழுதிக்கொண்டவர்கள் நூற்றுப்பன்னிரண்டு பேர், தங்கை உட்பட, இங்கேதான் குடியிருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அப்படியும் ஆயிரத்து தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. பதினேழு பேர் குறைவு. உடனே தையல்காரர், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் இருபத்து மூன்று பேர், அவங்களையும் எழுதுங்க சார், பொறந்த வீடு இதுதானே, யாரு வந்து எண்ணப் போறாங்க என்றார். அந்தப் பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது. மறு எண்ணிக்கை கேட்கும் மனுவை எழுதி, எல்லாம் உண்மை என்று அடியில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய் எழுதித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம், அதை இன்னொரு பொய்யால் அடைக்கப் போனால், மறு எண்ணிக்கைக்கு வருகிறவர் ஒரு வீட்டில் பிடித்தாலும் மொத்த மனுவும் குப்பைக்குப் போகும் என்றேன். தையல்காரர், நீங்க பேப்பர்ல எழுதினதெல்லாம் வேதமா என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா அதைவிடக் கூர்மையாக, உங்களுக்கு உங்க கையெழுத்து பெரிசா, பொண்ணு உசிரு பெரிசா என்று கேட்டாள். அன்றிலிருந்து சாப்பாடு மட்டும் வருகிறது, பேச்சு வருவதில்லை. தங்கைதான், அக்கா இங்க இருக்கான்னு எழுதிட்டா மட்டும் அவ வந்து என் காலைப் பிடிச்சு விடப் போறாளா, விடும்மா என்றாள். உன்னைக் குத்திச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. அவளுக்கும் பயம்தான், சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எழுத முடிந்த உண்மையை எழுதியிருக்கிறேன். மூன்று நாள் நர்ஸம்மாவின் பதிவேட்டோடு உட்கார்ந்தேன். போன வருஷம் அந்த அறையில் முப்பத்தெட்டு பிரசவம், அதில் பதினைந்து ஓடைக்கு அந்தப் பக்கத்து இரண்டு குடியிருப்புகளிலிருந்து வந்தவை. அவர்களுக்கு ரேஷன் வேறு ஊர், ஓட்டு வேறு ஊர், ஆனால் வலி எடுத்தால் நடந்து வருவது இங்கே. அங்கே இருநூற்று ஆறு பேர் இருக்கிறார்கள். ஒரு நிலையம் யாருக்கு என்பதை எல்லைக்கல்லை வைத்துப் பார்க்காமல், கதவைத் தட்டுகிறவர்களை வைத்துப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். அவர்களை விதிப்படி சேர்ப்பார்களா என்று எனக்குத் தெரியாது, அதிகாரியும் பார்க்கலாம் என்றாரே தவிர வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. மனுவின் கடைசிப் பத்தியில், பழைய முகவரி மனுக்களை எண்பது பேருக்கு மேல் எழுதிக் கொடுத்தவன் நானே என்றும் சேர்த்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, ஞாயிற்றுக்கிழமை போனில் தங்கையோடு கொஞ்சம் கூடுதலாகப் பேசு. ஒன்றை மறக்காதே, தையல்காரர் உன் நம்பரை வாங்கிப் போயிருக்கிறார். கூப்பிட்டு, ஊரில்தான் குடியிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னால், அண்ணே, அப்பாவைக் கேட்டுக்குங்க என்று மரியாதையாகச் சொல்லிவிடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் மனம் எப்போதும் உங்கள் பக்கத்தில்தான்.

மறு எண்ணிக்கைக்கு ஆள் வருவது பன்னிரண்டாம் தேதி. முடிவு பத்தொன்பதாம் தேதி மாலைக்குள் வரும் என்று வட்டார அலுவலக எழுத்தர் சொன்னார், எழுத்தில் தரவில்லை. அறையைப் பூட்டும் நாள் இருபது. தங்கைக்கு நர்ஸம்மா குறித்துக் கொடுத்திருக்கும் நாள் இருபத்திரண்டு, இரண்டொரு நாள் முன்னே பின்னே ஆகலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா