பள்ளமாய் ஒரு கதிர்

2005 பெப்ரவரி 8, செவ்வாய்
காலையில் தூறல், பிறகு வெயில். கன்னியர் மடத்து நூலகத்தில் கடல் நனைத்த புத்தகங்களைக் காய வைக்கும் வேலை. எட்டாம் ஆண்டோடு படிப்பு நின்றவளுக்கு இத்தனை புத்தகம். சுனாமி முகாமில் சும்மா இருப்பதைவிட நல்லது.

இன்று காசுப் படப் புத்தகம். இத்தாலியின் தெற்குக் கரையில் குடியேறிய கிரேக்கர் அடித்த வெள்ளிக்காசுகள். ஒன்றில் ஓங்கில் மீன்மேல் ஒருவன் சவாரி. ஒன்றில் நெற்கதிர். ஊர் மெற்றபொந்தம். வாய்க்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். படத்தின் கீழிருந்த ஆங்கிலச் சொல்லை, காய வைத்த அகராதியிலேயே தேடினேன்: நெல் இல்லை, பார்லி. காய்ச்சலுக்கு அவித்துக் குடிப்பது.

காசின் பின்பக்கப் படத்திலும் அதே கதிர், பள்ளமாக. ஈரத்தில் தாள் ஒட்டி மை இறங்கிவிட்டதென்று நினைத்து, நனைத்த பஞ்சால் துடைத்தேன்.

கூட வேலை செய்யும் பவளமக்கா: "என்னகா புள்ள, தேய்ச்சா வெள்ளி வருமெண்டு பாக்கிறியா?"

கதிர் போயே போய்விட்டது.

9, புதன்
புத்தகத்தின் நடுத்தாள்கள் நனையவே இல்லை. அங்கே ஒரு மாட்டுக்காசு. முன்பக்கம் மாடு புடைத்து, பின்பக்கம் அதே மாடு பள்ளமாக.

காசே அப்படித்தான். நான் அழித்தது உண்மையான படம்.

வெள்ளிக்கிழமை புத்தகம் கொழும்புக்குப் போகிறதாம், அதன் உரிமையாளரிடம். ப.அக்கா: "வாயத் திறவாத. உன்ன நிப்பாட்டிப் போடுவாங்க. எல்லாம் கடல் செஞ்சதுதானே, இதையும் கடல்ர தலையில போடு."

ஆனால் எப்படி அடித்திருப்பார்கள்?

10, வியாழன்
அப்பாவின் வலை போய்விட்டது. மிஞ்சிய ஈயக் குண்டுகள் ஒரு தகரப் பேணியில். நாலு கேட்டேன்.

"என்னத்துக்கு மகள்?"

"சும்மா."

தட்டித் தகடாக்கினேன். முகாமுக்குப் பின்னால் வயல் வட்டையில் அறுவடை. வரம்பில் கிடந்த கதிர் ஒன்று. அதன்மேல் தகடு, துணி சுற்றிய கட்டையால் மெல்ல மெல்ல. மூன்று கிழிந்தன. நாலாவதில் மேலே மணிகள் புடைத்து, கீழே அதே மணிகள் குழியாக. விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

11, வெள்ளி
வானம் மப்பு. புத்தகத்தைக் கட்ட, நூலகத்துக்குப் பொறுப்பான சிஸ்டர் கடதாசியோடு வந்தார். அந்தப் பக்கத்தில் நின்றார்.

"இதென்ன, தண்ணி பட்டதா?"

"ஓம் சிஸ்டர், கடல்தான்." ப.அக்கா, என்னைப் பார்த்தபடி.

"இல்ல சிஸ்டர். நாந்தான் துடைச்சன்." அவரிடம் நான் பேசிய முதல் வசனம். அழிந்த இடத்தில் ஈயத்தை வைத்தேன், குழிப்பக்கம் மேலே. "இப்பிடித்தான் இருந்தது."

சிஸ்டர் ஈயத்தைத் திருப்பினார். பிறகும் திருப்பினார். அதைப் பஞ்சில் சுற்றிப் புத்தகத்தோடேயே கட்டினார்.

"நாளைக்கு வரக்குள்ள இன்னொரு கதிர் கொண்டு வா."

வரக்குள்ள என்றார். நாளைக்கும் வரலாம்.