விடிந்தும் இளைக்காத ஆறு

சிட்டு, அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், உன் தம்பி சின்னவனும் சாப்பிடுகிறான். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் நான் படுக்கிறேன், அதைப் பொய்யாக்கிவிடாதே. அப்பாவின் சட்டைகள் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகின்றன, தொங்கட்டும்.

போனில் கேட்டாயே, இத்தனை வருஷம் அந்த ஆற்றில் டிராக்டரை இறக்கி அக்கரைக்குப் போய்வந்தவரை ஆறு எப்படியம்மா கொண்டுபோனது என்று. இங்கே ஆளுக்கொன்று சொன்னார்கள். உன் சித்தப்பா, அண்ணனுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, சொன்னா கேட்டாத்தானே என்றார். டீசல் கடைக்காரர் முந்தின ராத்திரி ஊத்திக்கிட்டிருப்பார் என்றாராம். உங்கப்பா ஊற்றிக்கொண்டதெல்லாம் நான் போட்ட டீதான். சரி, நாமே போய்த் தெரிந்துகொள்வோம் என்று கிளம்பிவிட்டேன்.

பாலத்தடியில் தண்ணீரை அளக்க வரும் ஆபீஸ்காரர், நீ தொப்பிக்காரர் என்பாயே, அவரிடம் போய் உட்கார்ந்தேன். அழப்போகிறேன் என்று முதலில் மிரண்டுவிட்டார். நான் கேட்டது ஒன்றுதான், சாயங்காலம் ஏறுகிற ஆறு விடியும்போது இறங்கிவிடுமே, அன்றைக்கு மட்டும் ஏன் இறங்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். பகல் வெயிலில் மலைமேல் பனி உருகி, அது நம்மிடம் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். ராத்திரிக் குளிரில் உருகுவது நிற்கும், விடியும்போது ஆறு இளைத்திருக்கும். அதை நம்பித்தானே அப்பா விடிந்ததும் பழப்பெட்டிகளோடு இறங்குவார். இப்போது உலகமே சூடேறிக் கிடப்பதால் மலைமேல் ராத்திரியும் முன்போல் குளிர்வதில்லையாம், விடிய விடிய உருகுகிறதாம். மேலே கிடக்கும் வெள்ளைப் பனி சீக்கிரமே கரைந்து, அடியிலுள்ள அழுக்கேறிய பழைய பனிக்கட்டி வெளியே தெரிந்துவிட்டால் இன்னும் வேகமாம். அழுக்குக்கும் உருகுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு மண்டை குடைந்தது. வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு ஐஸ்கட்டி எடுத்து, ஒன்றின்மேல் கரித்தூள் தூவி, இரண்டையும் மாடி வெயிலில் வைத்துப் பார்த்தேன். கரி பூசியதுதான் முதலில் போனது. அம்மா ஐஸுக்குப் பவுடர் போட ஆரம்பிச்சிட்டா என்று சின்னவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும், வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாயிற்று. இவ்வளவு தண்ணீர் வருவது நல்லதுதானே என்றும் தொப்பிக்காரரிடம் கேட்டேன். மேலே இருப்பு இருக்கிற வரைக்கும்தாம்மா, அது தீர்ந்தா கோடையில இந்த ஆறு மெலிஞ்சுடும் என்றார். அதைக் கேட்டதிலிருந்து ஆற்றின்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

என் கவலையெல்லாம் சின்னவன்தான். ரிப்பேர் பார்த்த அதே டிராக்டரோடு அதே இடத்தில் இறங்குகிறான், பாலம் வழியாகப் போனால் சுற்றாம். தண்ணீர் குறைவாயிருந்த ஒரு நாள் நான் முழங்காலளவு இறங்கிப் போய் நடுவிலுள்ள பெரிய கல்லில் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன், சிவப்பு தெரியாவிட்டால் இறங்காதே என்றேன். அப்பா பார்க்காத கல்லையா நான் பார்க்கணும், விடிஞ்சா இறங்கிடும், போம்மா என்றான். நேற்றுக் காலை சிவப்பு தெரியவில்லை. வண்டியை நிறுத்தி நின்றான், பிறகு திருப்பிக்கொண்டு பாலத்துப் பக்கம் போனான். திரும்பி வந்து, டீசல் போட வேண்டியிருந்தது, அதான் என்றான். டேங்க் முந்தின நாளே நிறைந்திருந்தது, நான் டீயைப் போட்டுக் கொடுத்தேன்.

நீ நன்றாயிரு கண்ணு, நீ கால் வைக்கும் இடமெல்லாம் உறுதியாயிருக்கட்டும். தம்பியிடம் பேசும்போது கல்லைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே, வீம்புக்கு இறங்கிவிடுவான்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகும் ஒன்று பாக்கி. எதிர்க்கரைத் தோட்டத்துக் காவல்காரர் சொன்னார், அன்று உங்கப்பாவும் கரையில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆறு இளைக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டதா சிட்டு, தெரிந்தும் இத்தனை வருஷப் பழக்கத்தை நம்பித்தான் இறங்கினாரா?