பன்னிரண்டு அறைகளும் ஒரு மூட்டைப் பொடியும்

ஆடி 2, வியாழன்

காற்று. விடிந்ததிலிருந்து புழுதி. மூன்று முறை முகம் கழுவியாயிற்று.

பள்ளிக்கூடத்துப் பூச்சி, எலித் தொல்லைக்குத் திட்டம் எழுத வேண்டும். நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுத்து வரும் சனம் எங்கள் வகுப்பறைகளில்தான் தங்கும். போகும்போது மூட்டைப்பூச்சியையும் சிந்திய பொரி வெல்லத்தையும் விட்டுவிட்டுப் போகும். பின்னாலேயே கரப்பான், எலி. போன வருடம் திருவிழா முடிந்ததும் பன்னிரண்டு அறையிலும் பூச்சிமருந்துப் பொடியைத் தூவினார்கள். மறுநாள் ஒன்றாம் வகுப்பு மல்லிகா மூச்சு இழுத்து என் மடியில் விழுந்தாள். பிழைத்தாள். அந்த இழுப்புச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

இந்த வருடமும் பொடி வந்துவிட்டது. தலைமையாசிரியர் (இனி த.ஆ.) நாற்காலிக்குப் பின்னால் முழு மூட்டை. பெரிய பதவி கிடைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

வேண்டாம் என்றேன். த.ஆ.: "நீங்க சயின்ஸ் டீச்சர். எழுதிக் குடுங்க, செஞ்சும் காட்டுங்க. திருவிழா முடிஞ்சு ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு ஒரு கரப்பான் கண்ணுல பட்டாலும் மூட்டையப் பிரிச்சிடுவேன்."

பேனாவில் மை கசிகிறது. விரலெல்லாம் நீலம்.

ஆடி 3, வெள்ளி

திட்டம். இரண்டு முறை கிழித்து மூன்றாவதாக எழுதியது:

1. பூச்சிக்குச் சோறு போடக் கூடாது. வகுப்பில் சாப்பாடு இல்லை, வேப்பமரத்தடியில் மட்டும். அன்றைய எச்சில் அன்றே வெளியே.
2. மதிய உணவு மாவு மூட்டைகள் பலகை மேல், சுவரை ஒட்டாமல்.
3. எலி வளைக்கு உடைந்த கண்ணாடி, சிமெண்டு.
4. பெஞ்சு இடுக்குகளுக்குக் கொதிநீர்.
5. மருந்து கடைசியில்தான். அதுவும் கொஞ்சம், இடுக்கில் மட்டும். போரிக் பவுடர். கேரம் பலகைக்குப் போடுவதுதானே, வாசனைகூடக் கிடையாது.

குப்பம்மா (எங்கள் ஆயா, சமையலும் அவள்தான்) எட்டிப் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, எலிக்கு லெட்டர் எய்திகினு கீறீங்களா?"

சிரித்தேன். அப்புறம் எரிச்சல்.

ஆடி 5, ஞாயிறு

லீவு. வீட்டில் இருக்க முடியவில்லை. துணி ஊறப் போட்டேன், அலசாமல் பள்ளிக்குப் போய்விட்டேன்.

குப்பம்மா அண்டாவில் வெந்நீர் போட்டாள். இருவருமாக நாலு அறை பெஞ்சு முடித்தோம். மூட்டைப்பூச்சி கொத்துக் கொத்தாக மிதந்தது. மூன்றாம் வகுப்பு வாத்தியார் பெஞ்சில்தான் அதிகம்! கையில் கொப்புளம். மனத்துக்கு நன்றாக இருந்தது, வெகுநாளைக்குப் பிறகு.

ஊறிய துணி நாற்றம்.

ஆடி 8, புதன்

எலி வளை எல்லாம் அடைத்தாயிற்று. போரிக் இடுக்கில் போட்டு மூன்று நாள். காலையில் குப்பம்மா முறத்தில் செத்த கரப்பான்களைக் கொண்டுவந்து த.ஆ. மேசை முன்னால் காட்டினாள். "பாருங்க சார், அல்லாம் மல்லாந்துகினு கீது." அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டார்.

ஜெயித்துவிடுவேன் போலிருக்கிறது. அதை நினைத்தால்தான் படபடப்பு. வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு முறை போட்டேன். பிள்ளைகள் சொல்லவும் இல்லை, கழுதைகள்.

ஆடி 10, வெள்ளி

நாளை பரணி. சனம் வர ஆரம்பித்துவிடும். குழந்தை குட்டிகளோடு தரையில் படுப்பார்கள். ஆகவே எல்லா அறையிலும் போரிக்கைச் சுரண்டி எடுத்து, தரையைக் கழுவியாயிற்று. மிச்சமிருந்த நல்ல போரிக் பொடியை ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு ஆறாம் எண் அறை மாடத்தில் வைத்தேன். காலண்டர் முருகன் படம் இருக்கிறதே, அதன் கீழே. உயரம். குழந்தைக் கை எட்டாது.

கால் வலி. ஆனாலும் அறை அறையாக மறுபடி ஒரு சுற்று.

ஆடி 12, ஞாயிறு. கிருத்திகை

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலை ஏழு மணி. ஊரெல்லாம் அரோகரா. ஆறாம் எண் அறையில் ஆர்.கே.பேட்டை பக்கத்து நெசவுக் குடும்பம். நாகம்மா, அவள் புருஷன், மூன்று வயதுப் பெண் பொன்னி. பொன்னிக்கு மொட்டை போடும் வேண்டுதல். பிள்ளைக்கு வெந்நீர் வேண்டுமா என்று கேட்கப் போனேன். நாகம்மா மாடத்திலிருந்து கொட்டாங்கச்சியை இறக்கி, கண்ணை மூடி, பொன்னி நெற்றியில் மூன்று விரலால் பூசினாள். ஒரு சிட்டிகை வாயில்.

முருகன் படம். கீழே வெள்ளைப் பொடி. திருத்தணி. வேறென்ன நினைப்பாள்?

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு முதலுதவிப் பந்தலுக்கு ஓடினேன். வழியெல்லாம் காவடி. வாந்தி என் தோளில். டாக்டரிடம் "போரிக்" என்று காதோடு சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கொஞ்சம்தான் போயிருக்கு, வெளியவும் வந்துடுச்சு. சாயந்திரம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

நாகம்மா பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி துன்ன பூரி சேரலீங்களா?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை.

சாயந்திரம் பொன்னி கஞ்சி குடித்தாள். நான் ஒன்றும் சாப்பிடவில்லை. கொட்டாங்கச்சியை யாரும் பார்க்காமல் எடுத்துப் புதைத்துவிட்டேன்.

ஆடி 13, திங்கள்

த.ஆ.விடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"குழந்தை நல்லாதானே இருக்கு? விடுங்க. அறையெல்லாம் பார்த்தேன், ஒரு கரப்பான் இல்ல. உங்க திட்டத்தை ஆபீசுக்கு அனுப்பப்போறேன், மத்த ஸ்கூல்லயும் செய்யட்டும். இது வெளிய தெரிஞ்சா என்ன சொல்வாங்க? பழைய பொடியே தேவலாம்பாங்க. என்னாலயும் தடுக்க முடியாது."

அவர் சொல்வது சரி. அதுதான் ஆத்திரம். வாயைத் திறந்தால் மூட்டை பிரியும், மல்லிகா வகுப்பிலும் தூவுவார்கள். மூடினால்?

மத்தியானம் மூன்று முறை ஆறாம் எண் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை நாகம்மா, "இன்னா டீச்சரம்மா, எதனா தொலைச்சிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம்.

ஆடி 14, செவ்வாய்

தூறல். சனம் கலைகிறது. நாளை பள்ளி திறப்பு. கழுவ வேண்டியது ஏழு அறை.

பத்து மணிக்கு நாகம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். இடுப்பில் பொன்னி. மொட்டைத் தலையில் சந்தனம், நெற்றி நிறைய மலைக்கோயில் விபூதி. புருஷன் மூட்டை முடிச்சோடு கேட் பக்கத்தில்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அந்த மாடத்துல இருந்திச்சே துன்னூறு, அத்த காணோம். இருந்தா கொஞ்சூண்டு மடிச்சிக் குடுங்க. அது நாக்குல பட்டதாலதான் எங்க பொன்னி பொயச்சிது. எங்க பாவா, அதோ கேட்டாண்ட நிக்கறாரே எங்க வூட்டுக்காரு, அவருகூட சொன்னாரு. பூஜையில வெச்சிப்பேன்."

குப்பம்மா விளக்குமாறை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மலை விபூதி ஒரு பொட்டலம் என் மேசையில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். சந்தோஷமாகப் போயிருப்பாள். கை பொட்டலத்தின் மேலேயே இருந்தது.

"அது விபூதி இல்லைமா. கரப்பானுக்கு வைக்கிற மருந்து. நான்தான் அங்க வெச்சேன். பொன்னிக்கு வாந்தி வந்தது அதனாலதான்."

கத்துவாள் என்று நின்றேன். என்னையே பார்த்தபடி முந்தானையை எடுத்து, குழந்தை நெற்றியில் இருந்த மலை விபூதியை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.