அத்தான் பூசிய மேடு

அன்பின் அத்தானுக்கு,

கொட்டாஞ்சேனை வீட்டு ஹோலில் நீங்கள் பூசிய மேடு இப்போது இல்லை. இதை முதலில் உங்களிடம் சொல்வதுதான் முறை என்று நினைக்கிறேன்.

தண்ணீர்க் குழாய் வெடித்தபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த நீங்களே தரையை உடைத்தீர்கள். நீங்களே சீமெந்தும் பூசினீர்கள். குசினிக்கு இறங்கும் படிக்குச் சற்று முன்னால் அது ஆமை முதுகுபோல எழும்பி நின்றது. வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

நீங்கள் கண்மூடிப் போன பிறகு அக்காவின் பார்வை முழுவதும் போய்விட்டது. துணைக்கு நான் வந்து சேர்ந்தேன். தரை வெடித்துக் கிடந்ததால் அவள் தடுக்கி விழுவாளோ என்று எனக்குப் பயம். டைல்ஸ் பதிப்போம் என்றேன். "உன்ர விருப்பம்," என்றாள்.

மேசன் நசீர் பாஸ் வந்து தரையெங்கும் தட்டிப் பார்த்தார். உங்கள் மேட்டில் மட்டும், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலக் கோறையான சத்தம் கேட்டது.

"இது கீழ பிடிக்கவே இல்ல ஐயா. இதுக்கு மேல ஒட்டினா டைல் வெடிச்சிரும். எந்த பாஸ் இத பூசின?"

"ஹாபர்ல வேலை செய்த பாஸ்," என்றாள் அக்கா. "என்ர மனுசன்."

மேட்டை வெட்டினார்கள். வெடிப்புகளைக் கீறி அடைத்து, தூசு போகக் கழுவி, மட்டக் கலவை பரப்பினார்கள். காய்ந்த பின் நீள அலுமினியச் சட்டத்தை வைத்துப் பார்த்தேன். அதன் அடியில் எங்கும் வெளிச்சம் தெரியவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அக்கா அறையிலிருந்து வந்தாள். ஹோலின் நடுவில் நின்று, பெருவிரலால் தரையைத் தேடினாள்.

"தம்பி, படி எங்க?"

"நேர தான் இருக்கு."

"நேர எண்டா? அவர்ர மேடு காலில பட்டா, அடுத்த எட்டில இறங்குவன். நீ கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார், விளங்கும்."

நடந்தேன், அத்தான். கையை நீட்டிக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்டேன். இவ்வளவு காலமும் அவள் விழாமல் இருந்தது என் கவனத்தால் என்றல்லவா நினைத்திருந்தேன்?

அன்றிலிருந்து என் கையைப் பிடித்துத்தான் குசினிக்குப் போகிறாள். முன்பு அவளே ஊற்றிக் கொண்டுவந்த தேத்தண்ணீரையும் இப்போது நான்தான் ஊற்றுகிறேன்.

இன்று பாஸிடம், படிக்கு முன்னால் மட்டும் ஒரு வரிசை சொரசொரப்பான டைல் வையுங்கள் என்றேன்.

"ஹோலுக்கு பாத்ரூம் டைலா? பார்க்கிறவங்க என்னைத்தானே ஏசுவாங்க?"

வழக்கமாக நான் அத்தோடு விட்டுவிடுவேன். உங்களுக்குத் தெரியும். "ஏசட்டும். நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ," என்றேன்.

"சண்டை பிடிக்காதேங்கோ," என்றாள் அக்கா. "ஒண்டைக் கொண்டுவந்து என்ர காலுக்குக் கீழ வையுங்கோ."

பாஸ் வைத்தார். அவள் செருப்பைக் கழற்றி, உள்ளங்காலால் மெல்லத் தேய்த்தாள்.

"ஓம். இது காணும்."

நாளை பதிக்கிறார்கள். நான் செய்தது சரியா? சொரசொரப்பு தேய்ந்துபோனால் என்ன செய்வது? தெரியவில்லை, அத்தான்.

ஒன்று மட்டும் உறுதி. அவள் கால் அந்த வரிசையைப் பழகும் வரை படியடியில் நிற்பேன். பழகிய பின், அவள் தானே ஊற்றிக் கொண்டுவரும் தேத்தண்ணீருக்காக என் கதிரையில் இருப்பேன். பயம் வந்தாலும் எழும்பிப் போய்க் கையைப் பிடிக்க மாட்டேன்.

உங்கள் மச்சான்,
சவிரிமுத்து