தொட்டபெட்டா ஏற்றத்தில் உன் அண்ணி

ஊட்டி,
14.9.1997

அன்புத் தங்கச்சி ஆபிதாவுக்கு அண்ணன் ஹாஜா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வீட்டிலும் பேக்கரியிலும் எல்லோரும் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ சொல்வதை நான் நம்புவதில்லை. மச்சான் அமீர் சொல்வதைத்தான் நம்புகிறேன். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் முடிந்து வந்து சுருண்டு படுத்துவிடுகிறாய் என்றும், சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய் என்றும் சொன்னார். நீயோ போனில் ஒன்றுமே இல்லாத மாதிரி, கடையில் வியாபாரம் எப்படி என்று என்னைக் கேட்கிறாய்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் அந்தப் பேச்சை எடுத்ததுமே, வேண்டாம்ண்ணே என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எஸ்.டி.டி. பூத் சில்வஸ்டர், என்ன பாய் அதுக்குள்ள முடிஞ்சுதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். கடிதத்தை உன்னால் நடுவில் வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம்தான், ஆனால் பள்ளிக்கூடத்து டீச்சர் நீ, படிக்காமல் கிழிக்க மாட்டாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். கடைசி வரை படி.

பெருநாள் கழிந்து கோயம்புத்தூரில் டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குச் சிறுநீரகம் கொடுக்க, குடும்பத்தில் ரத்த வகை சேருகிற ஆள் நான் ஒருவன்தான். ஆனால் அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது, தொப்பையைக் குறைத்து பிரஷரையும் இறக்கிக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டார். வர்க்கி சுட்டு விற்கிறவனுடைய உடம்பும் வர்க்கி மாதிரி உப்பித்தானே இருக்கும். அதுவும் நெய் தாராளமாகப் போட்ட வர்க்கி.

அன்றிலிருந்து இன்றுவரை நான் பட்ட பாட்டை உனக்குச் சொல்லவே இல்லை. படித்துவிட்டுச் சிரி. நீ சிரித்து நாளாயிற்று என்று மச்சான் சொல்கிறார்.

முதலில் நடைப்பயிற்சி. துணைக்கு மருதாசலத்தை இழுத்துக்கொண்டேன். மார்க்கெட்டில் கேரட் மண்டி வைத்திருக்கிறாரே, அவர்தான். தொப்பையில் அவரும் எனக்குச் சளைத்தவர் இல்லை. காலையில் முதல் ஈடு வர்க்கி அடுப்பிலிருந்து இறங்கியதும் இரண்டு பேரும் கிளம்பி, குன்னூர் ரோட்டில் லவ்டேல் பிரிவு தாண்டி எல்லநள்ளி வரை நடப்போம். காற்று சிலுசிலுவென்று வரும், கால் தன்னால் போகும். இவ்வளவு சுலபமான காரியத்தை இத்தனை வருஷமாகச் செய்யாமல் விட்டோமே என்று வருத்தப்பட்டுக்கொள்வோம். எல்லநள்ளி டீக்கடைக்கு வர்க்கி போடுவது நம் பேக்கரிதான். சரக்கு நமுத்திருக்கிறதா என்று முதலாளி பார்க்க வேண்டாமா? நான் இரண்டைப் பார்ப்பேன். மருதாசலம் என் பேச்சை நம்பாமல் அவரும் இரண்டைப் பார்ப்பார். பிறகு பஸ் ஏறி ஊட்டிக்குத் திரும்பிவிடுவோம்.

இப்படி ஒன்றரை மாதம் நடந்தோம். எடை இம்மியும் இறங்கவில்லை. முட்டி மட்டும் வீங்கிக்கொண்டது. என்ன கோளாறு என்று பஸ்ஸில் இரண்டு பேரும் தீவிரமாக ஆலோசனை செய்துகொண்டிருந்தபோது கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, ஏனுங்க பாய், எறங்கறதுக்கு நடக்கறீங்க, ஏறறதுக்கு பஸ்ல வர்றீங்க, அப்புறம் வண்டிதானுங்க எளைக்கும் என்றார். பஸ்ஸே சிரித்தது. மருதாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலையில் பிறந்து மலையில் வளர்ந்த இரண்டு பேருக்கு ஏற்றம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கிறது பார்.

அடுத்து ஸ்கிப்பிங் கயிறு வாங்கினேன். வெளியில் குதித்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். நம் வீட்டில் பலகைத் தரை என்பதும், அதற்கு நேர் கீழே மாவு பிசைகிற மேஜை என்பதும் உனக்குத் தெரியும், எனக்குத்தான் அந்த நேரத்தில் தோன்றவில்லை. மேலே நான் குதிக்கக் குதிக்க, நூறு வருஷத்துத் தூசி அத்தனையும் பிசைந்த மாவில் இறங்கியிருக்கிறது. ஒரு நாள் மாவு முழுவதும் குப்பைக்குப் போயிற்று. கயிறு இப்போது கொடியாகி, பிள்ளைகளின் சட்டை காய்கிறது.

அதற்குப் பிறகுதான் பொன்ராஜிடம் போனேன். வெலிங்டனில் பட்டாளத்துக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ரிட்டயர் ஆனவர், மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறார். உள்ளே போனால் எல்லாம் மீசை முளைத்தும் முளைக்காததுமான பையன்கள். நான் போனதும் கண்ணாடி முன்னால் நின்றவன் நகர்ந்து இடம் விட்டான், பெரியவர் வழி தவறி வந்துவிட்டார் என்று நினைத்திருப்பான். பொன்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. ஒடம்பு கள்ளப்பயங்க பாய், ஒரே வேலையக் குடுத்தீங்கன்னா கத்துக்கிட்டு ஏமாத்த ஆரம்பிச்சுரும், மாத்தி மாத்திக் குடுத்துட்டே இருக்கோணும் என்றார். அதன்படி ஒரு நாள் இரும்பு தூக்குவது, ஒரு நாள் ஏற்றம் ஏறுவது, ஒரு நாள் தரையில் குப்புறப் படுத்துக் கையை ஊன்றி எழுவது. கடைசியில் சொன்னதில் குப்புறப் படுப்பது எனக்கு நன்றாகவே வந்தது. எழுவதுதான் வரவில்லை.

மே மாதம் சீசன் கூட்டத்தில் கடையை விட்டு நகர முடியவில்லை, ஆனாலும் மைதா மூட்டைகளை நானே சுமந்து இறக்கினேன். ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதிலும் போனேன். எடை மெல்ல மெல்ல இறங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன்.

ஜூலையில்தான் சில்வஸ்டர் பூத்துக்கு நீ போன் செய்தாய். எனக்கு வேண்டாம்ண்ணே, மூணு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு அண்ணி எப்படிப் பயந்துக்கிட்டு இருப்பாங்க, உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவங்க மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன், எனக்கு டயாலிசிஸே போதும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

உண்மையைச் சொல்கிறேன் ஆபிதா, அன்றைக்கு எனக்கு மனசு விட்டுப்போயிற்று. மறுநாள் காலையில் எழுந்தேன், கால் செருப்பைத் தேடவில்லை. வாங்கிக்கொள்கிறவளே வேண்டாம் என்கிறாள், நான் யாருக்காக மூச்சு வாங்க வேண்டும் என்று தோன்றியது. பொன்ராஜ் ஆள் அனுப்பிப் பார்த்தார், போகவில்லை. மருதாசலம் வந்து வாசலில் நின்றார், காய்ச்சல் என்று பொய் சொன்னேன். கல்லாவில் நான் உட்கார்ந்திருக்க, கை அது பாட்டுக்குத் தட்டிலிருந்து வர்க்கியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. எத்தனை தின்றேன் என்று தெரியாது. ஒரு வாரம் இப்படியே போயிற்று. பெல்ட்டில் பழைய ஓட்டைக்குத் திரும்ப வந்துவிட்டேன்.

உன் அண்ணி ரஹ்மத் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எட்டாம் நாள் காலையில் பார்த்தால், ஸ்வெட்டரை மாட்டி, தலையில் கம்பளி முக்காடு போட்டு, பெரியவனுடைய பள்ளிக்கூடத்து கேன்வாஸ் ஷூவில் காலை நுழைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எங்கே என்று கேட்டதற்கு, ஊட்டுல உக்காந்து உக்காந்து சலிச்சுப் போச்சுங்க, தொட்டபெட்டா பிரிவு வரைக்கும் போயிட்டு வர்றேன் என்றாள். மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் தனியாகப் போயறியாதவள். பின்னாலேயே ஓடினேன்.

கோத்தகிரி ரோடு ஏற்றத்தை நீ பார்த்திருக்கிறாய். அதில் அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறுகிறாள். பனிமூட்டத்தில் அந்தக் கம்பளி முக்காடு மட்டும் முன்னால் தெரிகிறது, கிட்டப் போகலாம் என்றால் எட்டிப் போகிறது. நான் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, நில்லு ரஹ்மத், நில்லு ரஹ்மத் என்று கூப்பிடுகிறேன். யூகலிப்டஸ் விறகு சுமந்து வந்த பெண்கள், புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று நினைத்து எனக்குச் சமாதானம் சொன்னார்கள். உன் அண்ணி மேலே போய் மதகில் உட்கார்ந்துகொண்டு, இத்தன நாளு பயிற்சி எடுத்தது இதுதானாங்க என்று கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மறுநாளும் ஏறினோம். இன்றுவரை ஒரு நாள்கூட அவளை முந்தவில்லை என்பது வேறு விஷயம். நாலைந்து நாளில் எனக்கு அந்த ரோடு சலிக்க ஆரம்பித்ததும் அவளே கண்டுபிடித்து, இன்னைக்கு பெர்ன்ஹில் பக்கம் என்றாள். இன்னொரு நாள் ஏரியைச் சுற்றி. மருதாசலத்தின் மனைவி அம்சவேணியும் சேர்ந்துகொண்டார். இப்போது பெண்கள் இரண்டு பேரும் முன்னால் பேசிக்கொண்டே போகிறார்கள், நாங்கள் இரண்டு பேரும் பேச மூச்சில்லாமல் பின்னால் போகிறோம். பேக்கரியில் மூட்டை தூக்குகிற ஆளிடம், வாரத்தில் இரண்டு நாள் முதலாளிதான் தூக்குவார் என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள். ஒரு தடவை கிரைண்டர் ரிப்பேர் என்று சொல்லி என்னை ஆட்டுக்கல் முன்னால் உட்கார வைத்தாள். இரண்டு வாரம் தோள் கழன்றுபோக மாவாட்டினேன். கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் நானே மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டினால், அவர் பிளக்கைச் சொருகினார், கிரைண்டர் ஓடியது. உன் அண்ணி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

போன வியாழக்கிழமை மச்சானுக்கும் சொல்லாமல் கோயம்புத்தூர் வந்து டாக்டரைப் பார்த்தேன். உன்னைப் பார்க்காமல் திரும்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே, பார்த்தால் வாய் உளறிவிடும் என்று பயம். அவர் கேட்ட எடைக்கு வந்துவிட்டேன். பிரஷரும் ஒழுங்காக இருக்கிறது. முதலில் வேறு யாருடைய சீட்டோ என்று பெயரை இரண்டாம் தரம் படித்தார். மற்ற பரிசோதனைகளையும் இந்த மாதமே முடித்துவிட்டால் அடுத்த மாதம் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. நோயாளியின் சம்மதம் வேண்டும் என்றார்.

உன் அண்ணியின் மனசில் என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். நான் கேட்கவில்லை ஆபிதா. கேட்கத் தைரியம் வரவில்லை. வேண்டாம் என்று அவளும் சொல்லிவிட்டால் நான் இரண்டு பேருக்கு நடுவில் நின்று என்ன செய்வேன்? எனக்கு பிரஷர் என்பதால் நடத்துகிறாளா, உனக்காக நடத்துகிறாளா என்பதும் தெரியவில்லை. நீ இதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்டுவிடாதே.

நீ சம்மதிக்காவிட்டால் நான் என்ன ஆவேன் என்று யோசித்துப் பார். ஒரு வாரம் விட்டதற்கே பெல்ட் பழைய ஓட்டைக்கு வந்தது. ஒரு வருஷம் விட்டால் அந்த டாக்டரிடம் என்னையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவள் நீ ஒருத்திதான். உன்னைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு சிறுநீரகத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க முடியாது. சரி என்று ஒரு வரி எழுது. அல்லாஹ் உனக்கு அந்த மனசைக் கொடுக்கட்டும். உன் மகளுக்கு என் முத்தம். மச்சானுக்கு சலாம்.

என்றும் உன் அண்ணன்,
ஹாஜா

ஆபிதாவுக்கு அண்ணி ரஹ்மத் எழுதிக்கொள்வது. தபாலில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். பயம் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருநாள் கழிந்து டாக்டர் சொன்ன நாளிலிருந்தே பயந்துகொண்டுதான் இருக்கிறேன், தொழுகையில் அழுதும் இருக்கிறேன். அதற்காகத்தான் அவரை ஏற்றம் ஏற்றுகிறேன். நல்ல உடம்போடு உள்ளே போய் நல்ல உடம்போடு திரும்பி வரட்டும் என்று. உனக்குக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருந்தால் எனக்கு ஒரு வேலையும் இல்லை. தட்டு நிறைய வர்க்கியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன், மிச்சத்தை டாக்டரே சொல்லியிருப்பார். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறோம். இனிமேல் என் பேரைச் சொல்லி வேண்டாம் என்று சொல்லாதே, தாயே.